பார்தெல், லாட்டன், ஐகோப், கேன்: முதியவர் வீட்டுக்கு எந்தக் கேள்விப் பாரத்தோடு போவது?

பினாங்கில் ஒரு சங்கமோ கோயில் தொண்டர் குழுவோ முதியோரை வீடு தேடிப் போய்ப் பார்க்கத் தீர்மானித்தால், முதல் கூட்டத்திலேயே எழும் கேள்வி இது. கேட்காமல் போனால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே: அரிசி, எண்ணெய், மைலோ கொண்ட பையை நீட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம். சர்க்கரை நோய்க்காரருக்கும் அதே மைலோதான்.

முதியவரிடம் கேட்டு நிரப்பும் இந்தக் கேள்விப் பாரங்கள் இரண்டு குலம். ஒன்று முதியவரால் என்ன முடியவில்லை என்று கேட்கும். மற்றது அவருக்கு என்ன கிடைக்கவில்லை என்று கேட்கும். இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பல ஆய்வுப் பட்டியல்கள் வீணாகின்றன.

முதல் குலத்தில் பெயர் பெற்றது பார்தெல் அளவுகோல். 1965இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் வெளியானது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படி ஏறுவது என 10 அம்சங்கள். மொத்தம் 100 மதிப்பெண். சில நிமிடங்களில் முடித்துவிடலாம். மருத்துவமனைத் தாதியருக்கும் உடற்பயிற்சி சிகிச்சையாளருக்கும் அந்த எண் உடனே புரியும். ஆனால் 100 வாங்கியவர் தனியாக வாழ முடியும் என்று அர்த்தமில்லை, சமைக்கவோ வீட்டைப் பார்த்துக்கொள்ளவோ அவரால் இயலாமல் போகலாம் என்று அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆயர் ஈத்தாம் பக்கம் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியின் மேல்மாடியில் இருக்கும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். படி ஏறுவதில் மட்டும் 10 போனால் மீதி 90. நல்ல மதிப்பெண்தான். மின்தூக்கி பழுதாகும் நாளில் அவருக்கு மருந்தும் இல்லை, மீனும் இல்லை.

அந்த ஓட்டையை லாட்டன் அளவுகோல் ஓரளவு அடைக்கிறது. 1969இல் வந்தது. தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், துணி துவைப்பது, பயணம், மருந்து, பணம் என்று அன்றாட நிர்வாகத்தைக் கேட்கும் 8 அம்சங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதலில் ஆண்களுக்குச் சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது மூன்றையும் விட்டுவிட்டு 5 அம்சங்களுக்கே மதிப்பெண் போட்டார்கள். நம் ஐயாக்களுக்கும் அது பொருந்தும், மனைவி உயிரோடு இருக்கும்வரை. அவர் போன மறுமாதம் அடுப்பு பற்றவைக்கத் தெரியாத மனிதர் கடைச் சோற்றில் வாழ்கிறார். ஆகவே இதைக் கொண்டுபோகிறவர்கள் எட்டையும் எல்லாரிடமும் கேட்கட்டும்.

முதியோருக்கான ஒருங்கிணைந்த பராமரிப்பைச் சொல்லும், உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐகோப் கையேடு 2019இல் வந்தது. அதன் முதல் கட்டச் சோதனை நினைவு, நடமாட்டம், ஊட்டம், பார்வை, செவி, மனச்சோர்வு ஆகிய ஆறையும் தொடுகிறது. கைகளை ஊன்றாமல் 14 விநாடிக்குள் ஐந்து முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்பது அதில் ஒன்று. பயிற்சி பெற்ற தொண்டரே செய்துவிடலாம். அரசாங்க கிளினிக்கோடு தொடர்புள்ள குழுவுக்கு இது அருமையான கருவி. ஆனால் வீட்டு வாடகை பாக்கியும், பேச ஆளில்லாத மாலையும் இந்த முதல் கட்டத்தில் அகப்படாது.

இரண்டாம் குலத்தைச் சேர்ந்தது கேன். லண்டனின் கேம்பர்வெல் பகுதியின் பெயரைத் தாங்கிய இந்தத் தேவை மதிப்பீடு முதியோருக்காக 2000இல் வெளியிடப்பட்டது. 24 துறைகள்: தங்குமிடம், உணவு, நினைவு, மருந்து முதல் பகல்பொழுது, துணை, பணம், உதவித்தொகை, புறக்கணிப்பு வரை. ஒவ்வொன்றுக்கும் மூன்றே விடைகள்: தேவையில்லை, தேவை உண்டு ஆனால் நிறைவேறுகிறது, தேவை உண்டு நிறைவேறவில்லை. பார்தெலில் 40 வாங்கிய தாத்தாவை மகள் நன்றாகப் பார்த்துக்கொண்டால், இங்கே பெரும்பாலான துறைகளில் "நிறைவேறுகிறது" என்றே வரும். அந்த மகளையும் கேன் விட்டுவிடுவதில்லை. பராமரிப்பவருக்கு வேண்டிய தகவலையும் அவருடைய மனச்சுமையையும் கேட்க இரண்டு துறைகள் தனியாக உண்டு.

இதன் உண்மையான பலம், முதியவரிடமும் பராமரிப்பவரிடமும் பணியாளரிடமும் தனித்தனியே கேட்டு, விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. விடைகள் ஒத்துப்போகாது, ஒத்துப்போகாத இடம்தான் பார்க்கவேண்டிய இடம். "அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை, டிவி இருக்கிறது" என்பார் மகன். அம்மா "துணை" என்ற வரிசையில் வேறொன்று சொல்வார், மகன் அறைக்குள் இல்லாவிட்டால். மலாய் பாரத்தைப் பேரனையோ மருமகளையோ வைத்து மொழிபெயர்த்துக் கேட்கிற வழக்கம் இங்கே இந்த ஒரு காரணத்துக்காகவே கூடாது. சிறுநீர் கட்டுப்படாததைப் பேரன் முன்னால் எந்தப் பாட்டி சொல்வார்?

குறைகளும் உண்டு. முழுதாகக் கேட்க நேரம் பிடிக்கும். தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம், வதை போன்ற கேள்விகளைப் பயிற்சியில்லாதவர் முதல் சந்திப்பில் வாசல்படியில் நின்று கேட்கக்கூடாது. "ஆமாம்" என்று பதில் வந்தால் அடுத்து யாரை அழைப்பது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். வதை என்றால் 24 மணி நேரமும் இயங்கும் அரசாங்க உதவித் தொலைபேசி தாலியான் காசே 15999 இருக்கிறது. மனம் உடைந்தவருக்கு, காது கொடுத்துக் கேட்கும் தொண்டர் தொலைபேசிச் சேவையான பிஃப்ரெண்டர்ஸ்.

எனக்குச் சந்தேகமே இல்லை: வீட்டுப் பயணத்துக்குக் கேன், அதன் சுருக்க வடிவமாவது. உதவித்தொகைக்காகச் சமூகநல இலாகாவுக்கோ, படுக்கையில் கிடப்பவருக்காகக் கிளினிக்கின் இல்லப் பராமரிப்புக் குழுவுக்கோ எழுதும்போது மட்டும் பார்தெல் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். படிக்கிறவருக்கு அந்த மொழி பழக்கம். லாட்டனைத் தனியே சுமக்கவேண்டாம், அதில் பெரும்பகுதி கேனுக்குள் வந்துவிடுகிறது. ஐகோப்பைக் கோயில் மண்டபத்தில் நடக்கும் மருத்துவ முகாமுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. நிரப்பிய பாரங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் படமாகப் போகக்கூடாது. பூட்டிய அலமாரியில், பொறுப்பாளர் ஒருவர் கையில் சாவியோடு இருக்கட்டும். நிறைவேறாதவை என்று குறித்தவற்றை மூன்று மாதம் கழித்து அவரே எடுத்து, மறுபடி அதே கதவைத் தட்டட்டும்.