செம்பருத்திக் குச்சியை மரப் பியோனி என்று 2,400 ரூபாய்க்கு விற்றார்கள்

சென்னையில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களே, குளிர்நாட்டுப் பூச்செடியான பியோனியில், தண்டு கட்டையாக வளரும் வகையான மரப் பியோனியின் ‘ஹை நூன்’ என்ற அபூர்வக் கலப்பினம் என்று சொல்லி யாராவது கன்று விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். போன ஆடியில் குரோம்பேட்டை வீட்டு மாடிக்காக ஒன்று வாங்கி ஏமாந்துவிட்டேன்.

விற்றவர் அனுப்பிய படம் அசல்தான். எலுமிச்சை மஞ்சள் இதழ்கள், அவற்றின் அடியில் செந்தீற்று. அமெரிக்க வேதியியல் பேராசிரியர் சாண்டர்ஸ், சீனத்து மஞ்சள் காட்டுப் பியோனியை மரப் பியோனியோடு கலந்து உருவாக்கிய ரகம் அது, 1952இல் அறிமுகமானது. அந்தப் பூவின் மேல் எனக்குப் பல வருட ஆசை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

வந்தது, செம்மண் அடைத்த கறுப்புப் பையில் நுனிக்கு மெழுகு பூசிய ஒரு சாண் குச்சி. ஒட்டுக்கட்டிய தழும்பு எங்குமே இல்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும். இப்படிப் பெயர் பெற்ற ரகங்களைப் பெரும்பாலும் தண்டு கட்டையாகாத செடிப் பியோனியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் பெருக்குகிறார்கள். விதை போட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. ஆகவே ‘ஹை நூன் விதை’ என்று விற்பதும் ஏமாற்றுதான்.

மூன்று வாரத்தில் துளிர்த்தது. மரப் பியோனிக்கு மும்மூன்றாகப் பிரியும் கூட்டிலை. இதில் தனி இலை, விளிம்பெல்லாம் அரம் போலப் பல். அம்மா ஓர் இலையைக் கிள்ளி விரலிடையே நசுக்கினார். கொழகொழவென்று நூல் விட்டது.

“தலைக்கு அரைத்துத் தேய்க்கிற செம்பருத்திதானேடி இது!”

விற்றவரை அழைத்தேன். “குளிர்காலம் வந்தால் இலை மாறும் மேடம்” என்றார். செம்பருத்தி எந்தக் குளிரில் பியோனியாகும்? மறுநாளிலிருந்து அவர் என் அழைப்பை எடுப்பதே இல்லை.

அசல் கன்றையே தந்திருந்தாலும் இங்கே பூத்திருக்காது என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பியோனியின் மொட்டு விழித்தெழ, உறைநிலையை ஒட்டிய குளிர் வாரக்கணக்கில் வேண்டும். நம் மார்கழி இரவு 18 டிகிரிக்கு இறங்கினாலே போர்வை தேடுகிறோம். இது தெரியாமலா சென்னைக்காரர்களிடம் விற்கிறார்கள்?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். அதே ஆள் இப்போது ‘நீலப் பியோனி’ படம் போட்டு முன்பணம் கேட்கிறார். உண்மையான நீல நிறத்தில் பியோனியே கிடையாது. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீதையும், துளிர்த்த இலையின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.