கான்டெஸாவுக்குக் குவாலிஸ் ஆக்ஸில்: ஐந்து வருஷம் ஓட்டிய அனுபவம்

உடைந்த ஆக்ஸில் ஷாஃப்ட் ஒன்றை, அதாவது பின்சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டை, இன்னும் என் பட்டறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். உடைந்த முகத்தில் ஓரமாக, பிறை மாதிரி ஒரு கறுத்த பகுதி. அதில் மெல்லிய வளைகோடுகள். மற்ற இடமெல்லாம் உடைத்த கற்கண்டு போலப் பளபளக்கும் இரும்பு. கறுப்பு என்பது விரிசல் பல நாளாக உள்ளே ஊர்ந்த இடம். பளபளப்பது ஒரே நொடியில் முறிந்த இடம். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வண்டி சத்தத்தோடு நின்றபோது, முதல் கியரில் நான் கொடுத்த ஒரு தப்பான ஸ்டார்ட்தான் காரணம் என்று நினைத்தேன். இந்த முகத்தைப் பார்த்த பிறகுதான், வேலை மாதக்கணக்கில் நடந்திருக்கிறது என்று புரிந்தது.

வண்டி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா கிளாசிக் கார், இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல். 88 குதிரைத்திறனோடு வந்த இன்ஜின். டர்போ போட்ட பிறகு, பவர் அளக்கும் டைனோவில் 220 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) காட்டியது. கியர் விகிதத்துக்காக அதை முதல் கியரில் மூன்றரையாலும் ஆக்ஸிலில் நாலாலும் உத்தேசமாகப் பெருக்கிப் பாருங்கள், 3,000 தாண்டும். பின் ஆக்ஸில் தாங்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான். அந்தக் காலத்தில் குடும்பத்தோடு ஊருக்குப் போக வடித்த ஆக்ஸில் மேல் இதை ஏற்றியது நான். அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது டிராக்கில் மட்டும் ஓடும் வண்டி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இப்படிப்பட்ட மாற்றங்களை அனுமதிப்பதில்லை. அதனால் மதுரையிலிருந்து கோவைக்கு லோடு வண்டியில் ஏற்றித்தான் கொண்டு போகிறேன்.

முறிந்ததும் செய்த முதல் காரியம் தவறு. அவசரத்துக்கு ஒரு லேத் பட்டறையில், ஏற்கெனவே முறிந்து கிடந்த வேறொரு ஷாஃப்டை வெல்டிங் வைத்து, கடைந்து வாங்கினேன். பார்க்கப் புதுசு போலவே இருந்தது. அடுத்த முறை மூன்றாவது சுற்றிலேயே வெல்டிங்குக்குப் பக்கத்தில் முறிந்தது. ஹீட் ட்ரீட்மென்ட் செய்த ஷாஃப்டில் வெல்டிங் சூடு பட்டால் அதன் ஓரம் மொறுமொறுப்பாகிவிடும், பழைய பதமும் போய்விடும். யார் எவ்வளவு நன்றாக வெல்டிங் வைத்தாலும் இதுதான் நடக்கும். கான்டெஸா ஆக்ஸில் செமி ஃப்ளோட்டிங் வகை. லாரியில் போல ஹப் தனியாக எடையைத் தாங்காது, ஷாஃப்ட்தான் சக்கரத்தையும் தாங்குகிறது. அது சக்கரத்துக்குப் பக்கத்தில் முறிந்தால் சக்கரமே கழன்று ஓடும். இரண்டு தடவையும் உள்பக்கம் முறிந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

வேறு ஆக்ஸில் தேடியபோது எல்லோரும் சொன்னது ஃபோர்டு 9 இன்ச். அமெரிக்காவில் 1957 முதல் 1986 வரை வந்தது, டிராக் ரேஸ் உலகத்தில் இன்றும் அதற்குத் தனி மரியாதை. சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை முன்பக்கமாக மொத்தமாகக் கழற்றிவிடலாம். பினியனுக்கு, அதாவது பெரிய கிரவுன் பல்சக்கரத்தைச் சுற்றும் சின்னப் பல்சக்கரத்துக்கு, மூன்றாவதாக ஒரு பேரிங் உண்டு. ஆனால் அதில் பினியன் கிரவுனின் மையத்திலிருந்து நன்றாகக் கீழே இறங்கி இருக்கும். பலம் அதில்தான் வருகிறது, ஆனால் பல்லுக்குப் பல் உரசல் அதிகம், பவரும் கொஞ்சம் போகும். எடையும் கூட. என் 220க்கு அது தேவையில்லை. ஒரு சீல் போனால் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும் என்பதையும் யோசித்தேன். மதுரை வடக்கு வெளி வீதியில் நடந்து போய் வாங்க முடியாத ஆக்ஸில் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

கடைசியில் காயலான் கடையில் கிடைத்த டொயோட்டா குவாலிஸ் ஆக்ஸில். அதிலும் டிஃபரன்ஷியல் முன்பக்கமாகக் கழன்று வரும். ஹவுஸிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) ஸ்டீல் தகட்டில் செய்தது. வார்ப்பிரும்பு இல்லை என்பதால் வெல்டிங் எளிது. குவாலிஸின் லீஃப் ஸ்பிரிங் உட்காரும் பேட்களை வெட்டி எறிந்து, கான்டெஸாவின் காயில் ஸ்பிரிங்குக்கும் லிங்க் ஆர்ம்களுக்கும் பிராக்கெட் வைத்தோம். அகலத்தில் இருந்த வித்தியாசத்தை வீல் ஆஃப்செட்டில் சரிக்கட்டினேன்.

ஹவுஸிங்கின் பின்பக்கம் ஒரு தாங்கு சட்டம் வெல்டிங் வைத்தபோதுதான் உண்மையான பாடம். புதூர் தொழிற்பேட்டையில் ஒரு அண்ணன் வேலையைப் பார்த்தார். வெல்டிங்குக்கு முன் இரண்டு பேரிங் இருக்கைக்கும் நடுவே கிரைண்டிங் செய்த ஒரு நேர் கம்பியைச் செருகினார், விரலால் தள்ள உள்ளே போனது. வெல்டிங் முடிந்து ஆறிய பிறகு அதே கம்பி பாதியில் நின்றது. ஒருபக்கம் வைத்த வெல்டிங் ஆறும்போது சுருங்கி ஹவுஸிங்கை வாழைக்காய் மாதிரி வளைத்திருந்தது. எதிர்ப்பக்கம் சூடு காட்டி, ஈரச்சாக்கு போட்டு, திரும்பக் கம்பி வைத்து, இப்படியே மதியம் வரை போனது. "தம்பி, நேராகாம இத மாட்டுனா பேரிங்கும் சீலும் மாசத்துக்கு ஒண்ணு போகும்" என்றார். கம்பி வழுக்கிப் போன பிறகுதான் சாப்பிட எழுந்தார். அப்படிப்பட்ட ஆளிடம்தான் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

கிரவுன் பினியன் செட்டிங் அதைவிடப் பொறுமையான வேலை. பேக்லாஷ் (இரண்டு பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி) 0.15 மில்லிமீட்டர், டயல் கேஜில் கிரவுனைச் சுற்றி நாலு இடத்தில் பார்த்தோம். பல்லில் மார்க்கிங் ப்ளூ தடவிச் சுற்றினால், தடம் பல்லின் நடுவில், உள்முனைப் பக்கம் சற்றே ஒதுங்கி விழ வேண்டும். லோடு ஏறும்போது அது வெளிப்பக்கம் நகரும். எங்களுக்குத் தடம் பல்லின் அடியில் விழுந்தது. உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய வளையமான ஷிம்மை மாற்றினால், பேரிங்கை இழுத்துத் திரும்ப முதலில் இருந்து. "அண்ணே, இது போதாதா?" என்று மூன்றாவது தடவை கேட்டேன். "போதும்னா ரெண்டு மாசத்துல ஊளையிடும்" என்று நாலாவது தடவை பிரித்தார். பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்பேசருக்குப் பதில் கெட்டி ஸ்பேசர் போட்டதால், கடும் அடியிலும் அவற்றின் இறுக்கம் தளரவில்லை.

முதல் வருஷம் குவாலிஸின் சொந்த ஷாஃப்டிலேயே ஓட்டினேன். முறியவில்லை. ஆனால் கழற்றிப் பார்த்தபோது நேராக இருக்க வேண்டிய ஸ்பிளைன் (ஷாஃப்ட் நுனியில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) கோடுகள் நுனியில் லேசாகச் சாய்ந்து, முறுக்கு ஏறியிருந்தன. இரும்பு பழைய நிலைக்குத் திரும்பாத அளவு திருகிவிட்டது என்று அர்த்தம். கோவையில் இ.என். 24 என்ற கலப்பு எஃகில் புது ஷாஃப்ட் செய்து ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்தோம். விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே முறுக்குத் தாங்கும் பலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் விட்டத்தைவிட நான் வற்புறுத்தியது இரண்டு விஷயம். ஸ்பிளைன் முடியும் இடத்துக்கு அடுத்து ஷாஃப்ட் கொஞ்சம் ஒல்லியாக வேண்டும், அப்போது முறுக்கு ஒரே இடத்தில் குவியாமல் நீளம் முழுக்கப் பரவும். சக்கரம் மாட்டும் தட்டான ஃப்ளாஞ்ச் சேரும் மூலை வளைவாக, கடைசல் கோடு ஒன்றுகூட இல்லாமல் பாலிஷ் ஆக வேண்டும். ஜன்னலில் இருக்கும் ஷாஃப்டில் விரிசல் தொடங்கியது அப்படி ஒரு கடைசல் கோட்டில்தான்.

ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழலாமல் தடுக்கும் எல்.எஸ்.டி. (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) தட்டு வகை, அதற்குரிய எண்ணெயோடு. அதற்கு முன் கொஞ்ச நாள், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியரை வெல்டிங் வைத்து, இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும்படி ஓட்டினேன். சின்ன வளைவில் உள்சக்கரம் தரையைத் தேய்த்துக்கொண்டு, ஷாஃப்டையும் முறுக்கும். யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆக்ஸிலுக்குள் இருக்கும் காற்று வெளியேறும் துளையான பிரீதரை மறந்துவிடாதீர்கள். இரண்டாம் வருஷம் வலப்பக்க பிரேக் லைனிங் எண்ணெயில் ஊறியது. சீலைத்தான் சந்தேகப்பட்டு இரண்டு தடவை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் பிரீதர் மண்ணடைத்துக் கிடந்தது. சூட்டில் உள்ளே விரிந்த காற்று எண்ணெயை சீல் வழியே தள்ளியிருக்கிறது. இப்போது ஒரு ஹோஸ் போட்டு பூட் வரை மேலே கொண்டு போயிருக்கிறேன்.

ஐந்து வருஷத்தில் 41 நாள் டிராக். எட்டு டிராக் நாளுக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்றம். குறை என்றால், வேகம் எடுத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மெல்லிய ஒரு முனகல் இருக்கிறது, நாலு தடவை பிரித்தும் முழுசாகப் போகவில்லை. பின்னால் எடை கூடியதால் மேடு பள்ளத்தில் பின்சக்கரம் முன்பைவிட அதிகமாகத் துள்ளுகிறது. ஷாக் மாற்றியும் பாதிதான் சரியானது. போன வாரம் ஷாஃப்ட் இரண்டையும் கழற்றினேன். ஸ்பிளைன் கோடுகள் மேல் ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நேராக இருக்கின்றன.