அதிக டோஸ் கீமோவா, வழக்கமான கீமோவா? முற்றிய மார்பகப் புற்றுநோயில் கிடைத்த பதில்

கீமோ மருந்து புற்றுநோய் செல்லை மட்டும் தேடிப் போவதில்லை. வேகமாகப் பெருகும் எந்தச் செல்லையும் தாக்கும். அதனால் எலும்பு மஜ்ஜை தாங்கும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வழக்கமான கீமோவின் எல்லை அது. நோயாளியின் ஸ்டெம் செல்களை (ரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்கள்) முன்பே எடுத்து உறையவைத்து, பல மடங்கு டோஸ் கொடுத்து, அப்புறம் அவற்றை ரத்தத்தில் ஏற்றினால் அந்த எல்லையைத் தாண்டலாம் என்று 1980களில் நம்பினார்கள். இதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு: இந்தச் சிகிச்சையில் ஸ்டெம் செல் புற்றுநோயோடு மோதுவதில்லை. மருந்து அழித்த மஜ்ஜையை மீட்பது மட்டுமே அதன் வேலை.

ரத்தப் புற்றுநோய்களில் பலன் தந்த முறை என்பதால் நம்பிக்கை பெரிதாக இருந்தது. கட்டிகளும் சுருங்கின. ஆனால் தொடக்கச் சோதனைகளில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு குழுவே இல்லை. இளையவர்கள், இதயமும் நுரையீரலும் நன்றாக இருப்பவர்கள், முதல் கீமோவுக்கே நோய் குறைந்தவர்கள்தான் பெரும்பாலும் தேர்வானார்கள். எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் சராசரியைவிடக் கூடுதலாக வாழக்கூடியவர்கள் இவர்கள். இவர்களைப் பழைய பதிவேட்டின் எல்லா நோயாளிகளோடும் ஒப்பிட்டது எனக்கு இன்றும் வலிக்கும் தவறு.

1993இல் அமெரிக்காவில், இந்தச் சிகிச்சைக்குப் பணம் தர மறுத்த காப்பீட்டு நிறுவனம் ஒன்று 89 மில்லியன் டாலர் தர வேண்டும் என்று நடுவர் குழு சொன்னது. பிறகு மறுக்கவே பல நிறுவனங்கள் தயங்கின. வெளியிலேயே சிகிச்சை கிடைக்கும்போது யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கலில் முடிவுசெய்து ஒப்பிடும் சோதனைக்கு யார் வருவார்கள்? பதில் பல ஆண்டுகள் தள்ளிப்போனது.

அது 2000 ஏப்ரலில் வந்தது. நோய் பரவியிருந்த, முதல் கீமோவுக்கு இணங்கிய 199 பெண்களைக் குலுக்கலில் பிரித்திருந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடிருந்தவர்கள், அதிக டோஸ் குழுவில் 32 சதவீதம், வழக்கமான டோஸ் குழுவில் 38 சதவீதம். புள்ளியியல்படி இது பொருட்படுத்தும் அளவு வேறுபாடு அல்ல. அதிக டோஸுக்குச் சாதகமாகப் பேசிய தென்னாப்பிரிக்க மருத்துவர் பெஸ்வோடாவின் ஆய்வோ, அதே ஆண்டில் தணிக்கை செய்தபோது மோசடி என்று தெரிந்தது. ஆறு சோதனைகளின் 866 பெண்களைச் சேர்த்துப் பார்த்த 2011 அலசலில், நோய் கொஞ்சம் கூடுதல் காலம் அடங்கியிருந்தது. ஆயுள் மட்டும் நீளவில்லை.

சரி, கொடுத்த விலை? வழக்கமான கீமோவிலும் வாந்தி, முடி உதிர்தல் உண்டு, ஆனாலும் பெரும்பாலும் வீட்டுக்குப் போய் வரலாம். அதிக டோஸிலோ வாரக்கணக்கில் மருத்துவமனை, விழுங்க முடியாத வாய்ப்புண், உயிருக்கே ஆபத்தான தொற்று. சிலர் நோயால் அல்ல, சிகிச்சையாலேயே இறந்தார்கள்.

இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொன்னால் என் பதில் வழக்கமான டோஸ்தான். அதோடு சரியான இலக்கு மருந்து சேர்ந்தால் கதையே மாறுகிறது. செல்லை வளரத் தூண்டும் ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த புற்றுநோயில், கீமோவோடு அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைச் சேர்த்தபோது, பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம் 20.3 மாதங்களிலிருந்து 25.1 மாதங்களாக உயர்ந்ததை 2001இல் வெளியான சோதனை காட்டியது. டோஸைப் பல மடங்காக்கியும் கிடைக்காத மாதங்கள் அவை.

எந்தப் பக்கம் விழும் என்று தெரியாமலே குலுக்கலுக்குச் சம்மதித்த அந்த 199 பெண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்குப் பின்னால் வந்த எத்தனையோ பெண்கள், அந்த வாரங்களை மருத்துவமனைப் படுக்கையில் அல்லாமல் வீட்டில் கழித்தார்கள்.