மாயா பே-யில் நீந்தலாம் என்று சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்

பிள்ளைகளோடு தாய்லாந்தின் பி பி தீவுகளுக்குப் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள், படகுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். இந்தப் பொங்கல் விடுமுறையில் நாங்கள் அங்கே ஏமாந்தோம். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. அதைவிட, என் மகள் முகம் வாடி நின்றதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவளுக்குப் பதினொரு வயது. போன கோடை விடுமுறையில் கோவையில் நீச்சல் வகுப்பில் சேர்த்தோம். நாலே மாதத்தில் நன்றாகக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரே கேள்விதான்: "கடல்ல எப்பம்மா நீந்துறது?" நான் நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊர்க் கடலில் காலை நனைக்கலாம், பிள்ளையை நீந்த விட மனம் வராது. அலையின் இழுப்பு அப்படி. அதனால், மூன்று பக்கமும் பாறை மலை சூழ்ந்து, அலை அடங்கிக் கிடக்கும் ஒரு சின்னக் குடாவில்தான் அவளை முதல்முதலாகக் கடலில் இறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பி பி தீவுகளில் இருக்கும் மாயா பே என்ற குடாவின் போட்டோவைப் பார்த்ததும் வேறு இடமே தேடவில்லை.

பி பி டான் ஆட்கள் வசிக்கும் தீவு. விடுதி, கடை எல்லாம் அங்கேதான். அதற்குத் தெற்கே இருக்கும் பி பி லே குடியிருப்பே இல்லாத பாறைத் தீவு. மாயா பே இருப்பது இந்த இரண்டாவது தீவில். பி பி டானின் டொன்சாய் படகுத்துறையிலிருந்து லாங்டெயில் என்ற நீளமான மரப் படகில் அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

டொன்சாயில் இறங்கியதுமே சந்து நெடுக டூர் கடைகள். "இந்தியா? சென்னை?" என்று ஒருவர் சிரித்த முகமாகக் கூப்பிட்டார். கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். பச்சைத் தண்ணீர், வெள்ளை மணல், கரையில் வரிசையாக லாங்டெயில் படகுகள், தண்ணீருக்குள் சிரித்தபடி நீந்தும் மனிதர்கள். கீழே பெரிய எழுத்தில் மாயா பே. மகளைக் காட்டி நான் இரண்டு முறை கேட்டேன்: "இவள் அங்கே நீந்தலாமா?" அவர் இரண்டு முறையும் தலையாட்டினார். "காலையிலேயே போனால் கூட்டம் இருக்காது, நன்றாக நீந்தலாம்" என்றார். எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தனிப் படகு, நான்கு மணி நேரம், தேசியப் பூங்காக் கட்டணம் உள்பட, திரும்பும் வழியில் அதே பி பி லேயில் உள்ள பிலே லகூன் என்ற இன்னொரு குடா, எல்லாம் சேர்த்து 4,000 பாட் (தாய்லாந்துப் பணம்). என் கணவர் கொஞ்சம் பேரம் பேசிப் பார்த்தார், குறையவில்லை. கொடுத்துவிட்டோம். ரோஸ் நிறக் கார்பன் தாளில் ஒரு ரசீது கிழித்துத் தந்தார்.

அந்த ரசீதை நான் அப்போதே நிதானமாகப் படித்திருக்க வேண்டும். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'போட், 4 ஹவர், 4,000, பெய்ட்.' கடையின் பெயர் இல்லை. உரிம எண் இல்லை. நீச்சல் பற்றியோ, கட்டணம் பற்றியோ, தனிப் படகு என்றோ ஒரு சொல் இல்லை. வாயால் சொன்ன எதுவும் தாளில் ஏறவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனால், 'எங்கள்' படகில் ஏற்கெனவே இரண்டு ஜோடிகள் உட்கார்ந்திருந்தார்கள். தனிப் படகு என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. சரி, போகட்டும் என்று விடலாம். ஆனால் ஏழு பேருக்கு ஐந்தே லைஃப் ஜாக்கெட். மகளுக்குக் கொடுத்ததில் கொக்கி உடைந்து, அந்த இடத்தில் நைலான் கயிறு முடிச்சுப் போட்டிருந்தது. நான் ஏறவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் நாகையை அடித்த அதே சுனாமிதான் டொன்சாயையும் அடித்தது. அந்தத் தெருக்களில் இன்றும் மேட்டுக்கு ஓட வழிகாட்டும் பலகைகள் இருக்கின்றன. கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வராது. படகோட்டி முணுமுணுத்துக்கொண்டே போய் மூன்று ஜாக்கெட் கொண்டுவந்தார். நாற்பது நிமிடம் போனது. அந்த நாற்பது நிமிடத்தையும் எங்கள் நான்கு மணி நேரத்தில்தான் கழித்தார்.

படகு மாயா பே-க்குள் போகவே இல்லை. தீவைச் சுற்றிக்கொண்டு பின்புறம் லோ சாமா பே என்ற இடத்துக்குப் போய், மிதக்கும் படகுத்துறையில் இறக்கிவிட்டது. அங்கே டிக்கெட் கேட்டார்கள். படகோட்டியைப் பார்த்தோம், அவர் கையை விரித்தார். தன்னிடம் யாரும் பணம் கொடுக்கவில்லை என்றார். வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 400 பாட், குழந்தைக்கு 200. ஆக 1,000 பாட் திரும்பவும் எங்கள் கையிலிருந்து. வந்த தூரத்துக்குத் திரும்பிப் போகவா முடியும்? கட்டினோம்.

துறையிலிருந்து மரப்பலகைப் பாதையில் சில நிமிட நடை. மரங்கள் விலகியதும் அந்தக் குடா தெரிந்தபோது, ஏமாந்ததெல்லாம் ஒரு நிமிடம் மறந்துதான் போனது. அவ்வளவு அழகு. மகள் நெற்றியில் நீச்சல் கண்ணாடியோடு ஓடினாள். தண்ணீர் தொடை வரைக்கும் வந்திருக்கும், விசில் சத்தம் கேட்டது. சீருடை போட்ட பூங்காக் காவலர் ஒருவர் வேகமாக வந்தார். கோபப்படவில்லை. குனிந்து தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, அதற்கு மேல் போகக் கூடாது என்று கையசைத்தார். பக்கத்தில் பலகையே இருந்தது: நீந்தத் தடை.

"நான் ஒண்ணுமே பண்ணலையேம்மா" என்றாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

அந்தக் காவலர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. தடை சரியானது. 2000இல் வெளிவந்த ஒரு ஹாலிவுட் படம் அங்கே எடுக்கப்பட்ட பிறகு உலகமே அந்தச் சின்ன மணல்திட்டுக்குக் கிளம்பி வந்தது. ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை வந்தார்கள். படகுகள் நங்கூரம் போட்டுப் போட்டுப் பவளப்பாறைகள் நொறுங்கின. 2018 ஜூனில் நான்கு மாதம் மட்டும் என்று மூடியவர்கள், திறந்தது 2022 ஜனவரி 1-ஆம் தேதிதான். இடையில் பவளங்களை நட்டு வளர்த்தார்கள். திறந்த பிறகு படகுகளுக்குக் குடாவுக்குள் அனுமதி இல்லை, நீந்த அனுமதி இல்லை, ஒரு முறைக்கு 375 பேர், ஒரு மணி நேரம் என்று கட்டுப்பாடு. அதன் பலனை நாங்களே பார்த்தோம். முழங்கால் ஆழத்தில் ஒன்றரை அடி நீளத்தில் சுறாக் குட்டிகள் வளைய வந்தன. துடுப்பின் நுனி மட்டும் மையில் தொட்டு எடுத்த மாதிரி கறுப்பு. எங்கள் வீட்டில் பால்சுறா வாங்கிப் புட்டு செய்வோம். மீன் கூடையில் மட்டுமே சுறாவைப் பார்த்திருந்த மகள், உயிரோடு ஒன்று தன் காலடியில் திரும்பிப் போவதைப் பார்த்து மூச்சுவிடாமல் நின்றாள். அந்தக் குட்டிகளுக்கான இடம் அது. அங்கே நீந்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தால், பார்ப்பதற்காகவே சந்தோஷமாகப் போயிருப்போம். நீந்துவதற்கு வேறு இடம் பார்த்திருப்போம். என் கோபமெல்லாம், தடை இருப்பது நன்றாகத் தெரிந்தும் நீச்சலை விற்றவர் மேல்தான்.

நாற்பது நிமிடத்தில் படகோட்டி கிளம்பச் சொன்னார். பிலே லகூனில் படகிலிருந்து இறங்கி நீந்தலாம், அங்கே தடை இல்லை. அங்கேயாவது மகளை இறக்கலாம் என்று கேட்டால், ஏஜென்ட் தன்னிடம் மாயா பே மட்டும்தான் சொன்னார், லகூனுக்கு இன்னும் 500 பாட் வேண்டும் என்றார். கூட வந்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பிவிட்டோம். படகோட்டியை நான் குறை சொல்லத் தயாராக இல்லை. அவரும் யாரோ பேசிய விலைக்கு ஓட்டுகிறவர்.

மாலையில் கடைக்குப் போனோம். முந்தின நாள் பணம் வாங்கியவர் இல்லை, வேறொருவர். "மாயா பே போனீர்களா இல்லையா? போனீர்கள். பணம் திரும்பக் கிடைக்காது" என்றார். என் கணவர் அங்கேயே நின்று 1155-க்கு அழைத்தார். அது தாய்லாந்து சுற்றுலாப் போலீசின் எண், ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். முதல் கேள்வியே கடையின் உரிம எண் என்ன, ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். எங்கள் ரசீதில் ஒன்றுமில்லையே. ஆனாலும் அந்த எண்ணுக்குப் பேசுவதைக் கேட்டதும் கடைக்காரர் கல்லாவைத் திறந்து பூங்காக் கட்டணம் 1,000 பாட்டை மட்டும் எடுத்து வைத்தார். மீதி போனது போனதுதான்.

அந்த வாசலில் நிற்கும்போதுதான் பேனரை மறுபடி பார்த்தேன். கரையில் வரிசையாகப் படகுகள்! இப்போது ஒரு படகும் அந்தக் கரையைத் தொட முடியாது. அப்படியென்றால் அது 2018-க்கு முந்திய படம். அன்று காலை அந்த மணலில் நின்றுவிட்டு வந்ததால்தான் எனக்கே அது புரிந்தது. போகிறவர்கள் இந்த ஒன்றை நினைவில் வையுங்கள்: மாயா பே என்று காட்டும் படத்தில் கரையில் படகு நின்றாலோ, ஆட்கள் நீந்தினாலோ அது பழைய படம். அதைக் காட்டி விற்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

மறுநாள் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. டொன்சாயிலிருந்து கரையோரமாகவே நடந்து லாங் பீச் போனோம். அரை மணி நேர நடை, நடுவில் கொஞ்சம் பாறை ஏறி இறங்க வேண்டும், செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். தண்ணீர் தெளிவு, அலை குறைவு, எதிரே பி பி லே தெரிகிறது. மகள் அங்கேதான் முதல்முதலாகக் கடலில் நீந்தினாள். இவர் அவள் பக்கத்திலேயே நீந்த, நான் கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்து எழுந்து வந்து, "உப்பா இருக்கும்மா, ஆனா தண்ணியே தூக்கிப் பிடிக்குது" என்றாள். நீந்துவதுதான் உங்கள் நோக்கம் என்றால் இங்கே நடந்தே போய்விடுங்கள்.

படகுதான் எடுப்பீர்கள் என்றால், போகும் இடங்கள், எத்தனை மணி நேரம், தனிப் படகா, பூங்காக் கட்டணம் சேர்த்தா சேர்க்காமலா என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். சந்து முழுக்கக் கடைதான். கட்டணத்தை யாரிடமும் முன்கூட்டிக் கொடுக்காமல் அங்கே போய் நீங்களே கட்டுவது நல்லது. உரிம எண் தெரியும்படி கடையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட்டை ஏறுவதற்கு முன்பே எண்ணுங்கள், கொக்கியைப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, சன்ஸ்கிரீன். பவளத்தைக் கெடுக்கும் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் உள்ளிட்ட நான்கு ரசாயனங்கள் உள்ளவற்றுக்கு 2021 முதல் தாய்லாந்து தேசியப் பூங்காக்களில் தடை, அபராதம் 1 லட்சம் பாட் வரை. நான் கோவையிலிருந்து கொண்டுபோன டியூபிலேயே அந்த இரண்டாவது பெயர் இருந்தது. விடுதியிலேயே வைத்துவிட்டுத் தொப்பியோடு போனேன்.

சுதந்திர தின விடுமுறையை ஒட்டி டிக்கெட் மலிவு என்று ஆகஸ்டில் போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை மாயா பே மூடியிருக்கும். அந்த நாட்களில் யாராவது உங்களிடம் மாயா பே-யில் இறக்கிவிடுகிறேன் என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அங்கிருந்தே 1155-க்கு அழையுங்கள்.