எச்சரிக்கை: வைக்காத சிப்புக்குப் பணம் வாங்கிய பெங்களூர் கன்சோல் கடை

பெங்களூரில் எஸ்.பி. ரோட்டை ஒட்டிய சந்துகளில் கேம் கன்சோல் பழுதுபார்க்கும் மாடிக் கடைகள் பல உண்டு. அவற்றில் ஒன்றில் என் நின்டெண்டோ ஸ்விட்சைக் கொடுத்தேன். நிறுவனம் அனுமதிக்காத மென்பொருளை ஓட்டுவதற்காகக் கன்சோலுக்குள் வைக்கும் சிப்பை வைக்காமலேயே அதற்குப் பணம் வாங்கினார்கள். பேட்டரியை மாற்றினார்கள். போலி மெமரி கார்டைத் தலையில் கட்டினார்கள். போதாக்குறைக்கு, கன்சோலை நின்டெண்டோவின் தடைக்கும் உள்ளாக்கித்தான் திருப்பித் தந்தார்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டு அதே தொழிலைத் தொடர அவர்களுக்கு ஒரு பகல் போதும். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது தெரிந்தால் எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம் என்பதால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வெளிவந்தது. எங்களுடையது அந்த ஆண்டுக் கடைசியில் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. நின்டெண்டோ இந்தியாவில் இதை நேரடியாக விற்கவில்லை. இங்கே கிடைப்பதெல்லாம் வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தவை. உத்தரவாதமும் கிடையாது, நிறுவனத்தின் சேவை மையமும் கிடையாது. பழுதென்றால் இந்த மாடிக் கடைகளே கதி. எங்கள் கன்சோலில் சார்ஜ் செய்யும் துளை தளர்ந்துவிட்டது. ஒயரைச் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும்.

இன்னொரு தேவையும் இருந்தது. மகள் போக்கிமான் ஸ்வோர்ட் விளையாட்டை வருடக்கணக்காக ஆடிவருகிறாள். ஸ்விட்சில் விளையாட்டின் சேமிப்பைச் சாதாரணமாக மெமரி கார்டுக்கு நகலெடுக்க முடியாது. சந்தா கட்டினால் பல விளையாட்டுகளின் சேமிப்பை நின்டெண்டோவே இணையத்தில் வைத்துக்கொள்ளும். ஆனால் போக்கிமான் ஸ்வோர்டுக்கு அந்த வசதியும் இல்லை. கன்சோல் ஒருநாள் படுத்துவிட்டால் அத்தனையும் போய்விடும். ஜேகேஎஸ்வி என்றொரு ஹோம்ப்ரூ செயலி இந்தச் சேமிப்பை நகலெடுத்துத் தரும். ஹோம்ப்ரூ என்பது நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் ஆர்வலர்கள் எழுதும் மென்பொருள். அதைத் திருட்டு கேமோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எங்களிடம் இருந்த விளையாட்டுகள் எல்லாம் காசு கொடுத்து வாங்கிய கார்ட்ரிட்ஜ்கள்தான்.

கடையில் இருந்தவர் முதலில் கன்னடத்தில் பேசினார். தமிழர்கள் அதிகம் வாழும் உல்சூரிலிருந்து வருகிறேன் என்றதும் தமிழுக்கு மாறி, தன் சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம் என்றார். “நம் ஊர்க்காரரிடம் லாபம் பார்ப்பேனா அண்ணா?” என்றார். வெளியூரில் தமிழ்க் கடைக்காரர் வாய்த்துவிட்டால் நமக்குப் பேரம் பேச நாக்கு எழுவதில்லை. இது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

நான் கேட்டதை ஒரு தாளில் எழுதியே கொடுத்தேன். சார்ஜிங் துளையை மாற்ற வேண்டும். எதையும் தொடுமுன் உள் நினைவகத்தை முழுதாக நகலெடுத்து எனக்குத் தர வேண்டும். ஹோம்ப்ரூவை எமுஎம்எம்சியில் மட்டும் போட வேண்டும். அதாவது, மெமரி கார்டில் கன்சோலின் அமைப்புக்கு ஒரு நகல் செய்து, வேலையை அந்த நகலுக்குள் வைத்துக்கொண்டு, அசலைத் தொடாமல் விடுவது. வைஃபையில் இணைக்கக் கூடாது. திருட்டு கேம் எதுவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். துளைக்கு 1,500 ரூபாய், மற்றதைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

எடுக்கப் போனபோது கணக்கு 10,500 ரூபாயாக வளர்ந்திருந்தது. துளைக்கு 1,500, சிப்புக்கு 5,000, ‘லைசென்ஸுக்கு’ 1,000, 512 ஜிபி மெமரி கார்டுக்கு 3,000. சிப் எதற்கு என்று கேட்டேன். புதிய அப்டேட்டுக்குப் பிறகு சிப் இல்லாமல் எந்த ஸ்விட்சும் திறக்காது என்றார். கன்சோல் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. பணம் முழுதும் எண்ணி வைத்த பிறகுதான் என் கைக்கு வந்தது.

அவர் சொன்னது முழுப் பொய். 2017இலும் 2018இன் தொடக்கத்திலும் வந்த ஸ்விட்சுகளுக்குச் சிப்பே தேவையில்லை. அவற்றில் இருக்கும் என்விடியா டெக்ரா எக்ஸ்1 செயலியில், கன்சோல் உயிர்பெறும்போது முதலில் ஓடும் நிரலிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. கேத்ரின் டெம்கின் என்ற ஆய்வாளர் அதை 2018 ஏப்ரலில் வெளியிட்டார். ஃபுசே ஜெலே என்று பெயர். அந்த நிரல் தொழிற்சாலையிலேயே செயலிக்குள் பதிந்துவிடுவதால், விற்றுவிட்ட கன்சோல்களில் எந்த அப்டேட்டாலும் அதை அடைக்க முடியாது. கன்சோலின் பக்கவாட்டில் மாட்டும் ஜாய்-கான் என்ற கட்டுப்பாட்டுக் கருவிகளில் வலப்பக்கத்தானதைக் கழற்றிவிட்டு, அது சறுக்கி மாட்டும் தடத்தில் ஒரு சிறு உலோகத் துண்டை வைத்து, ஒலியைக் கூட்டும் பொத்தானோடு பவர் பொத்தானையும் அழுத்தினால் கன்சோல் மீட்பு நிலைக்குப் போகும். பிறகு யு.எஸ்.பி. வழியாகச் சிறு நிரல் ஒன்றை அனுப்பினால் வேலை முடிந்தது. துளை பழுதாக இருந்ததால்தான் நான் கடைக்கே போக நேர்ந்தது. 2018 நடுவிலிருந்து வந்த கன்சோல்களில் நின்டெண்டோ அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. அவற்றுக்கும், ஸ்விட்சின் லைட், ஓஎல்இடி வகைகளுக்கும்தான் சிப்பைச் சால்டர் செய்து வைக்கிறார்கள்.

அந்த ‘லைசென்ஸ்’ இன்னும் பெரிய வேடிக்கை. இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் அட்மாஸ்ஃபியர் என்ற மாற்று மென்பொருள் இலவசமானது. அதன் மூல நிரலையே யார் வேண்டுமானாலும் படிக்கலாம். லைசென்ஸ் விற்ற கூட்டம் வேறு. டீம் எக்ஸிக்யூட்டர் என்ற பெயரில் எஸ்எக்ஸ் ஓஎஸ் என்ற மென்பொருளையும், 2020இல் சிப்புகளையும் விற்றார்கள். திருட்டு கேம் ஓட்டுவதுதான் அதன் விற்பனைச் சரக்கே. அவர்களில் ஒருவரான கேரி பவ்சர் 2020இல் கைதானார். 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 40 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. குற்றவழக்கில் 45 லட்சம் டாலர், உரிமையியல் வழக்கில் 1 கோடி டாலர் நின்டெண்டோவுக்குத் தர வேண்டும் என்றும் ஆயிற்று. பவ்சர் என்பது மாரியோ விளையாட்டுகளின் வில்லன் பெயரும்கூட. கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். என் கன்சோலில் இருந்தது அட்மாஸ்ஃபியர்தான். இலவசமாக இறக்கிய ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய்.

வீட்டுக்கு வந்து திறந்தால் திரை முழுக்க நான் கேட்காத விளையாட்டுகள். எமுஎம்எம்சி என்ற பேச்சே இல்லை, எல்லாவற்றையும் அசல் அமைப்பிலேயே போட்டிருந்தார்கள். வைஃபை பட்டியலில் கடையின் இணைப்பு சேமிக்கப்பட்டிருந்தது. நின்டெண்டோவின் இணையக் கடையைத் திறந்தேன். 2124-4007 என்ற பிழை எண் வந்தது. இந்தக் கன்சோலின் இணைய சேவைகளை நின்டெண்டோ நிறுத்திவிட்டது என்று அதற்குப் பொருள். பாஸ்வேர்டை மாற்றியோ கன்சோலை அழித்துப் புதிதாகத் தொடங்கியோ இதிலிருந்து மீள முடியாது. தடை நம் கணக்கின் மீது அல்ல, கன்சோலின் மீது. ஒவ்வொரு ஸ்விட்சுக்குள்ளும் அதற்கே உரிய மின்சான்றிதழ் ஒன்று உண்டு, அதைத்தான் முடக்குகிறார்கள். கார்ட்ரிட்ஜ்களிலும் ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ் இருக்கிறது. இணையக் கடையில் வாங்கும் விளையாட்டின் அனுமதிச்சீட்டு, வாங்கியவரின் கணக்கோடும் கன்சோலோடும் பிணைந்தது. இந்த நிலையில் திருட்டு கேம்களை அசல் அமைப்பிலேயே ஏற்றி, அதையும் இணையத்தில் இணைத்தால், நின்டெண்டோவின் வாசலில் போய் நின்றுகொண்டு பெயரும் முகவரியும் சொன்ன மாதிரிதான்.

அடுத்து, பேட்டரி முழுதும் இறங்கிக் கன்சோல் அணைந்தது. மீண்டும் சார்ஜ் ஏற்றி இயக்கினால், போட்டுத் தந்த விளையாட்டுகள் படமாக மட்டும் நின்றன. ஒன்றும் திறக்கவில்லை. சிப் இருந்திருந்தால் ஒவ்வொரு முறையும் அதுவே மாற்று மென்பொருளை எழுப்பியிருக்கும். சிப் இல்லாத பழைய கன்சோலில், முழுதாக அணைந்த பிறகு மறுபடியும் யு.எஸ்.பி. வழியாக நிரலை அனுப்பியாக வேண்டும். நிரந்தரம் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னதன் லட்சணம் இது.

மின்னணு வேலை தெரிந்த அலுவலக நண்பரிடம் கொடுத்துப் பின்மூடியைக் கழற்றினோம். செயலியின் மேலுள்ள உலோகக் கவசத்தை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை. சிப் வைக்க வேண்டுமென்றால் அந்தக் கவசத்தை எடுத்துவிட்டுச் செயலிக்குப் பக்கத்தில் மெல்லிய நாடாவைச் சால்டர் செய்தாக வேண்டும். வலப்பக்கத் தடத்தில் ஒரு பின் வளைந்திருந்தது. ஏதோ கம்பியை நுழைத்து அவசரமாகச் செய்த வேலை. அதனால் அந்தப் பக்கத்து ஜாய்-கான் சில நேரம் சார்ஜ் ஏறுவதில்லை. அசல் பேட்டரியில் எச்ஏசி-003 என்றும் 4310 எம்ஏஎச் என்றும் அச்சிட்டிருக்கும். எங்கள் கன்சோலில் எந்த எழுத்தும் இல்லாத சாம்பல் நிறப் பேட்டரி ஒன்று படுத்திருந்தது. மற்ற மோசடிகளைவிட இதுதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டியது. மென்பொருளில் பொய் சொல்வது ஒரு வகை. பழுதுபார்க்கக் கொடுத்த பொருளிலிருந்து பாகத்தை உருவிக்கொள்வது பச்சைத் திருட்டு.

மெமரி கார்டை எஃப்3 என்ற இலவசக் கருவியால் சோதித்தோம். மேலே 512 ஜிபி என்று அச்சு, உள்ளே சுமார் 60 ஜிபி மட்டும். இப்படிப்பட்ட கார்டு தன் அளவைக் கணினியிடமே பொய்யாகச் சொல்லும். நிரம்பியதும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதத் தொடங்கும். சேமிப்பின் நகலை நம்பி அதில் வைத்திருந்தால் தேவைப்படும் நாளில் வெறும் குப்பைதான் கிடைத்திருக்கும். நல்ல வேளையாக மகளின் போக்கிமான் சேமிப்பு உள் நினைவகத்தில் அப்படியே இருந்தது. துளையை மட்டும் ஒழுங்காக மாற்றியிருந்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். அதன் வழியாக நானே நிரலை அனுப்பி, ஜேகேஎஸ்வியை ஓட்டி, வேறொரு நல்ல கார்டில் நகலெடுத்தேன். அதற்குச் செலவு எதுவும் ஆகவில்லை.

கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டபோது அந்தக் கிருஷ்ணகிரித் தமிழ் காணாமல் போயிருந்தது. “திருட்டு கேம் ஓடுகிற மிஷின் சார் இது. இதை எடுத்துக்கொண்டு எங்கே போய்ப் புகார் கொடுப்பீர்கள்?” என்றார். அண்ணாவாக இருந்த நான் ‘சார்’ ஆகிவிட்டேன். இந்தத் தொழிலின் மூலதனம் என்னவென்று அந்த ஒரு கேள்வியில் விளங்கிவிட்டது. ஏமாந்தவர் வாயைத் திறக்கமாட்டார் என்ற நம்பிக்கைதான் அது. நாம் கேட்காவிட்டாலும் திருட்டு கேம்களைப் போட்டுத் தருவதில் தாராளம் எதுவும் இல்லை. நம் வாயை அடைப்பதற்கான ஏற்பாடு அது.

சட்டம் அவர் மிரட்டும் அளவுக்கு ஒருதலையானது அல்ல. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவது 63பி பிரிவின்படி குற்றம். ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக நோக்கமில்லாதவர் விஷயத்தில் சிறையை விட்டுவிட்டு அபராதத்தோடு நிறுத்த நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதை இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்குகிறது. அதே பிரிவில், சட்டம் தடுக்காத நோக்கத்துக்காகப் பூட்டைத் திறக்க இன்னொருவருக்கு உதவுபவர், உதவி பெறுபவரின் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிவுசெய்து வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அப்படியொரு பதிவேட்டை அந்த மாடியில் நான் காணவில்லை. என் கைக்கு வந்த ரசீதில் ‘மொபைல் பாகங்கள்’ என்ற இரண்டு சொற்களும் மொத்தத் தொகையும்தான். சிப் என்ற சொல் எங்கும் இல்லை.

அவர் ஏற்றிய விளையாட்டுகளை அழித்துவிட்டு, பேட்டரியையும் மெமரி கார்டையும் முன்வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். இந்த இரண்டுக்கும் திருட்டு கேமுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கன்சோலைக் கொடுக்குமுன் எடுத்த படங்கள் கையில் இருக்கின்றன. பில்லில் வேலையைத் தனித்தனியாக எழுதித் தர மறுக்கும் கடையில் யாரும் பொருளைக் கொடுக்க வேண்டாம்.

பழைய ஸ்விட்ச் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. என்னுடையதைப் போலத் தடைபட்ட கன்சோல்கள் கடைசியில் வந்து சேரும் இடம் பழைய பொருள் சந்தைதான். பணம் கொடுக்குமுன் உங்கள் கைப்பேசி இணைப்பில் கன்சோலை இணைத்து, இணையக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். கேம் ஓடுகிறது பார் என்று விற்பவர் காட்டுவதை நம்பாதீர்கள், தடைபட்டதிலும் கார்ட்ரிட்ஜ் ஓடும். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2இல் இந்த ஆபத்து கூடியிருக்கிறது. விளையாட்டுகளை நகலெடுத்து ஓட்டும் கார்ட்ரிட்ஜைச் செருகியவர்களின் கன்சோல்கள் வந்த வேகத்திலேயே தடைபட்டன. அவற்றில் சில, விவரம் தெரியாத இரண்டாம் கையிடம் போய்ச் சேர்ந்தன.

உங்கள் கன்சோல் இந்த நேரத்தில் இப்படியொரு கடையில் இருந்தால், உள் நினைவகத்தின் நகலை இன்றே கேட்டு வாங்குங்கள். அந்தக் கன்சோலின் சான்றிதழும் அதற்கே உரிய தகவல்களும் அதில்தான் இருக்கின்றன. நாளை நினைவகம் பழுதானால் வேறொரு ஸ்விட்சின் நகல் உதவாது. எடுத்து வைத்திருக்கிறோம் என்று கடையில் சொன்னால் கோப்பைத் திறந்து அளவைப் பாருங்கள். 2017 வகையிலும் லைட்டிலும் முழு நகல் ஏறக்குறைய 30 ஜிபி இருக்கும், ஓஎல்இடியில் அதைப்போல இரு மடங்கு. சில எம்பியில் ஒரு கோப்பைக் காட்டினால், அவர்கள் நகலே எடுக்கவில்லை.