கோத்தகிரிச் சரிவில் சிம் ரௌட்டர் இணையம்: ஒரு மதிப்பீடு

ஃபைபர் கேபிள் இன்னும் எட்டாத தேயிலைச் சரிவுகளில் குடியிருப்போருக்கு, செல்போன் டவரிலிருந்து சிம் கார்டு வழியே இணையத்தை எடுத்து வீட்டுக்குத் தரும், தனியார் நிறுவனம் ஒன்றின் சிம் ரௌட்டர் இணைப்பு நல்ல மாற்றுதான். ஆனால் அதை அவர்கள் பொருத்திக் கொடுக்கும் முறை, பணம் கட்டியவரையும் அவருடைய அண்டை வீட்டாரையும் சேர்த்தே பாதிக்கிறது.

எங்கள் வீட்டுக்கு எதிர் முகட்டில் இருக்கும் டவரின் உச்சி மட்டும் சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே தெரியும். இணைப்புக் கொடுக்க வந்தவர், ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் பிளக் இருந்ததால் ரௌட்டரையும் அங்கேயே வைத்துவிட்டுப் போனார். காலையில் வேகத்துக்குக் குறைவில்லை. இரவு ஏழு மணிக்கு மேல் மகளின் ஆன்லைன் வகுப்பு நின்று நின்று வந்தது. மே மாதம், நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும் சீசனில், ஒரு புகைப்படம் அனுப்புவதே பெரும்பாடு. வாடிக்கையாளர் சேவையை அழைத்தால், ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்வதோடு சரி.

4ஜி டவர் யாருக்கும் தனி வழி ஒதுக்குவதில்லை. தன்னிடமுள்ள அலைக்கற்றையை 180 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள துண்டுகளாக வகுத்து, எந்தத் துண்டு யாருக்கு என்பதை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஒருமுறை அது முடிவு செய்கிறது. 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 25 துண்டுகளும், 20 மெகாஹெர்ட்ஸில் 100 துண்டுகளும் கிடைக்கும். 1000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அலைகள் மலை வளைவையும் சுவரையும் ஓரளவு கடந்து வரும். ஆனால் அங்கே நிறுவனங்களிடம் இருக்கும் அகலம் குறைவு. அகலம் தாராளமாக உள்ள மேல் பேண்டுகளோ (அதிர்வெண் கூடிய அலைவரிசைகள்) முகட்டிலும் சுவரிலும் தேய்ந்துவிடுகின்றன. ஹாலுக்குள் இருந்த ரௌட்டர் கீழ் பேண்டை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தது. சரிவில் உள்ள மற்ற வீடுகளும் அதே குறுகிய இடத்தில்தான் நெருக்கியடித்திருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. சிக்னல் நன்றாக இருந்தால் டவர் ஒரு குறியீட்டில் (ஒரு முறை அனுப்பும் சிறு அலைத் துணுக்கில்) 6 பிட் தகவலை ஏற்றி அனுப்பும். மங்கினால் 2 பிட்தான், அதிலும் பிழை திருத்தத்துக்கே கணிசமான பங்கு போய்விடும். ஆகவே ஒரே பாடத்தைப் பார்க்க, சிக்னல் குறைந்த வீட்டுக்கு மும்மடங்குக்கும் மேற்பட்ட துண்டுகள் தேவைப்படுகின்றன. ஷெட்யூலர் எனப்படும் பங்கீட்டு மென்பொருள், யாருக்கு இப்போது சிக்னல் நன்றாக இருக்கிறது என்பதோடு யாருக்கு இதுவரை குறைவாகக் கிடைத்தது என்பதையும் கணக்கில் கொள்வதால், மங்கிய வீட்டைக் கைவிடுவதில்லை. அது நியாயமான ஏற்பாடு. ஆனால் அந்த வீட்டுக்குச் செலவாகும் துண்டுகள் எல்லாருடைய பங்கிலிருந்தும்தான் போகின்றன.

மீண்டும் மீண்டும் புகார் செய்தபின் வந்த இளைஞர் விஷயம் தெரிந்தவர். செல்போனில் ஒரு செயலியைத் திறந்து மொட்டை மாடி வரை நடந்து பார்த்தவர், “சார், இங்க மேல் பேண்ட் நல்லா புடிக்குது, ஹாலுல வெச்சா கீழ் பேண்டுலயே கெடக்கும்” என்றார். டவரைப் பார்த்தபடி கூரை விளிம்பில் ஒரு வெளி ஆண்டெனாவைப் பொருத்தி, மூடுபனியின் ஈரம் இறங்காதபடி கேபிள் இணைப்பில் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றினார். ரௌட்டர் காட்டிய சிக்னல் வலிமை மைனஸ் 112 டிபிஎம்மிலிருந்து மைனஸ் 94-க்கு உயர்ந்தது; இந்த எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது. இப்போது இரவு வகுப்பு தடையின்றி நடக்கிறது.

ஆண்டெனாவுக்கான 2500 ரூபாயை என்னிடமே வாங்கிக்கொண்டதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. 2022 ஏலத்தில் அலைக்கற்றைக்காக நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட மொத்தத் தொகை 1.5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அவ்வளவு விலையுள்ள பொருள் வீணாகாமல் காக்கும் ஆண்டெனாவை, மலைப்பகுதி இணைப்புகளில் அவர்களே தங்கள் செலவில் பொருத்தித் தர வேண்டும்.

மழைக்கால மின்வெட்டிலும் டவர் தாக்குப்பிடிக்கிறது, கட்டணமும் அதிகமில்லை. வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுமுன், மாடியில் எந்த பேண்ட் கிடைக்கிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். முகடு மறைக்கும் பள்ளத்து வீடுகளுக்கு இந்த இணைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.