49-3: அட்லாண்டாவில் ஜார்ஜியாவின் தொடக்க ஆட்டம், அதை எங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பருவத்தின் முதல் ஆட்டத்தை வைத்து ஒரு அணியை எடைபோடுவது கஷ்டம். பெரிய பல்கலைக்கழகங்கள் பணம் கொடுத்துச் சின்ன அணி ஒன்றை வரவழைக்கும், ஐம்பது புள்ளி அடிக்கும், அனுப்பிவைக்கும். 2022 செப்டம்பர் 3, சனிக்கிழமை பிற்பகல் மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியத்தில் நடந்தது அந்த ரகம் அல்ல. முந்தைய பருவத்தின் சாம்பியனான ஜார்ஜியா பல்கலைக்கழக அணி தரவரிசையில் 3ஆம் இடம். எதிரே வந்த ஆரிகன் பல்கலைக்கழக அணி 11ஆம் இடம். ஆரிகனின் புதிய தலைமைப் பயிற்சியாளர் டான் லானிங், அதற்கு முந்தைய பருவம் வரை ஜார்ஜியாவின் தடுப்பாட்டத்தை நடத்தியவர். ஜார்ஜியா வீரர்களின் பலமும் பலவீனமும் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவர் தயார் செய்த அணியின் மேல் ஜார்ஜியா தாக்கி ஆட பந்து கிடைத்த முதல் ஏழு முறையும் டச் டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) போட்டது. இப்படியொரு தொடக்க ஆட்டத்துக்குச் செலவு செய்து நேரில் போகலாமா, போனால் எந்த டிக்கெட் எடுப்பது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் இருக்கை. 2017இல் திறந்த இந்த அரங்கத்தில் 100, 200, 300 என்று மூன்று அடுக்குகள். விலை உயர்ந்தவை நடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் 100கள். 200 சொகுசு அடுக்கு. நாங்கள் சொல்வது 300ஆம் அடுக்கின் மூலை, அல்லது கோல் கம்பத்துக்குப் பின்னால் வரும் பகுதி. டிவி கேமரா பக்கவாட்டிலிருந்து காட்டுகிறது. பந்தைச் சுற்றியுள்ள கூட்டம் தெரியும், பின்னால் நிற்கும் சேஃப்டிகள் (கடைசித் தடுப்பாட்டக்காரர்கள்) படத்திலேயே இருக்க மாட்டார்கள். உயரத்திலிருந்து நீளவாக்கில் பார்த்தால் 22 பேரும் கண்ணில் இருப்பார்கள். எந்த இடைவெளி எப்போது திறக்கிறது என்பது பந்து எறியப்படும் முன்பே தெரியும்.

அன்றைய ஆட்டம் முழுக்க இந்த இடைவெளிக் கணக்குதான். ஆரிகனின் பெரிய பலம் லைன்பேக்கர்கள், அதாவது முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நின்ற தடுப்பாட்டக்காரர்கள். ஜார்ஜியாவின் தாக்குதலை வகுத்த டாட் மங்கன் அவர்களோடு நேருக்கு நேர் மோதவே இல்லை; பக்கவாட்டில் ஓடவிட்டார். பிராக் பவர்ஸ், டார்னல் வாஷிங்டன் என்று இரண்டு டைட் எண்ட்களை (எதிரியை மறிக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்கள்) சேர்த்து நிறுத்துவார். தடுப்பு அணி கனமான ஆட்களை உள்ளே கொண்டுவந்தால் பந்து வெளியே போகும். இலகுவான ஆட்களோடு நின்றால் ஆறடி ஏழங்குல வாஷிங்டன் அவர்களை மறித்து ஓட வழி செய்துகொடுப்பார். பந்தை வாங்கி ஓடுவதே முக்கிய வேலையான ரன்னிங் பேக் கென்னி மேக்கின்டாஷ் கோட்டுக்குள் முட்டி ஓடியதைவிட, ஓரமாக நழுவிப் பந்தைப் பிடித்ததுதான் சேதம் செய்தது: 9 பந்துகள், 117 யார்டு. ஒரு ரன்னிங் பேக்குக்கு இது அபூர்வமான கணக்கு. கீழ் வரிசையில் இருப்பவருக்கு இது வெறும் சின்னச் சின்ன பாஸாகத் தெரியும். மேலே இருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு லைன்பேக்கர் இரண்டடி தாமதமாக வந்து சேர்வது தெரியும்.

ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஸ்டெட்சன் பென்னட் 31 முறை எறிந்ததில் 25 சேர்ந்தன, 368 யார்டு, 2 டச் டவுன். கூடவே தானே ஓடி ஒன்று. உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்தவர் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்கு முக்கியமாகப் படுவது அவர் காலை அசைத்து நேரம் வாங்கும் விதம். இடைவேளைக்குச் சற்று முன்பு கோல் கோட்டருகே துரத்தியவர்களிடமிருந்து சுழன்று தப்பி லேட் மெக்கான்கியிடம் சேர்த்தாரே, அந்த நான்கு யார்டு பாஸை மட்டும் மூன்று முறை மறுபடி போட்டுப் பாருங்கள். இடைவேளையில் 28-3.

தடுப்பாட்டத்தைப் பற்றி அன்று எல்லோருக்கும் சந்தேகம் இருந்தது, நியாயமான சந்தேகம். அந்த வசந்தகாலத்தில்தான் ஜார்ஜியாவிலிருந்து 15 பேர் என்எஃப்எல் டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) போயிருந்தார்கள். முதல் சுற்றில் மட்டும் தடுப்பாட்டக்காரர்கள் ஐந்து பேர். பதில் முதல் கால் பகுதியிலேயே வந்தது. ஆரிகன் குவார்ட்டர்பேக் போ நிக்ஸ் நீளமாக எறிந்த பந்தை, கல்லூரியில் தன் முதல் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்த மலாக்கி ஸ்டார்க்ஸ் பின்னோக்கி ஓடிப் பாய்ந்து பறித்தார். நிக்ஸ் அன்று 2 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்துக்கொண்ட பாஸ்), 173 யார்டு. மொத்தக் கணக்கில் ஜார்ஜியா 571 யார்டு, ஆரிகன் 313. ஆரிகன் மோசமான அணி அல்ல, அந்தப் பருவத்தில் பத்து ஆட்டம் ஜெயித்த அணி. அதனால்தான் இந்த 49-3க்கு மதிப்பு.

இனி அரங்கம். கூரையை ஒட்டி வட்டமாகத் தொங்கும் வீடியோ பலகை 58 அடி உயரம். 300களில் அது கண்ணுக்கு நேரே நிற்கும். 100களின் முன்வரிசையில் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும், நாலாவது குவார்ட்டரில் பிடரி வலிக்கும். போதாததற்கு எல்லைக்கோட்டில் நிற்கும் வீரர்கள் வேறு மறைப்பார்கள். பணம் கூடக் கொடுத்துக் குறைவாகப் பார்க்கும் இடம் அது.

சாப்பாட்டு விலையில் இந்த இடத்தை மனதாரப் பாராட்ட வேண்டும். திறந்தபோதே ஹாட் டாக், பாப்கார்ன், தண்ணீர் எல்லாம் 2 டாலர் என்று வைத்தார்கள். 2019இல் ஹாட் டாக்கை 1.50 ஆகக் குறைத்தார்கள். சோடா கோப்பையை நாமே திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம். நால்வர் குடும்பம் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் பர்ஸ் பதறாது. சிக்-ஃபில்-ஏ என்ற சிக்கன் கடை ஞாயிறு மூடியிருக்கும், ஆகவே பெரும்பாலும் ஞாயிறு ஆடும் அட்லாண்டாவின் என்எஃப்எல் அணியான ஃபால்கன்ஸின் ரசிகர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. கல்லூரி ஆட்டம் சனிக்கிழமை என்பதால் திறந்திருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ப்ரெட்சல், நாச்சோ, ஃப்ரைஸ் என்று சமாளிக்க வேண்டியதுதான். ரொக்கம் வாங்க மாட்டார்கள். கையில் நோட்டு மட்டும் இருந்தால், அதை கார்டாக மாற்றித் தரும் இயந்திரங்கள் உள்ளேயே இருக்கின்றன.

வாசலில் மாட்டிக்கொள்பவர்கள் இரண்டு காரணத்தால் மாட்டுகிறார்கள். ஒன்று பை: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், 12க்கு 6க்கு 12 அங்குலம் தாண்டக்கூடாது, சாதாரண முதுகுப்பை கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவார்கள். மற்றொன்று போன் டிக்கெட். எழுபதாயிரம் பேர் ஒரே இடத்தில் சேரும்போது இணையம் திணறும். வீட்டிலேயே டிக்கெட்டை போனின் வாலட்டில் ஏற்றிவிடுங்கள். கூட வருபவர்களின் டிக்கெட்டை அவரவர் போனுக்கு முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.

குறை என்று சொன்னால், இது இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத பொது அரங்கம். ஜார்ஜியாவின் சொந்த அரங்கமான, ஏதென்ஸ் நகரிலுள்ள சான்ஃபோர்ட் ஸ்டேடியத்தின் பச்சை வேலியும் வளாகத்தின் காலைப் பொழுதும் இங்கே கிடைக்காது. ஆரிகன் ரசிகர்களோ நாட்டின் மறுகோடியிலிருந்து பறந்து வர வேண்டும், அதனால் இரைச்சல் ஒருபக்கமாகவே சாயும். முதல்முறை கல்லூரி ஃபுட்பால் பார்க்கிறவருக்கு வளாக ஆட்டத்தையே சொல்வோம். ஆட்டத்தைப் படிக்க விரும்புகிறவருக்கு இந்த அரங்கம்.

காரை மறந்துவிடுங்கள். அட்லாண்டாவின் மார்ட்டா நகர ரயிலில் விமான நிலையத்திலிருந்து ஃபைவ் பாயின்ட்ஸ், அங்கே நீல அல்லது பச்சைத் தடத்துக்கு மாறி மேற்கே வைன் சிட்டி. திரும்பும்போது நெரிசலாக இருந்தால் ஃபைவ் பாயின்ட்ஸ் வரை நடந்தே போய்விடலாம். ரயில் மாறும் வேலையும் மிச்சம். 49-3 மாதிரி ஆட்டத்தில் அந்தக் கவலையும் குறைவு, மூன்றாவது குவார்ட்டரிலேயே கூட்டம் கலையத் தொடங்கும். நீங்கள் மட்டும் எழுந்துவிடாதீர்கள். கடைசியில் பென்னட்டை உட்காரவைத்து கார்சன் பெக்கை இறக்கினார்கள். ஆட்டம் முடிந்துபோன பிறகு வந்தவர்தானே என்று பலர் பார்க்கவில்லை. 2023இல் குவார்ட்டர்பேக்காக ஜார்ஜியாவை நடத்தியவர் அவர்தான்.